வகுப்புக்கு ஒரு வலைப்பூ: சேலத்து ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் வகுப்பே ஒரே கட்டுரையை எழுதியிருக்கும். "எங்கள் ஊர் சேலம். இது மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது. இங்கு இரும்பாலை உள்ளது. ஏற்காடு ஏழைகளின் ஊட்டி என்று அழைக்கப்படுகிறது." இதை எழுதிய பிள்ளையின் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி உருக்குகிறவராக இருப்பார். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையின் அம்மா சேகோ ஆலைக் களத்தில் ஜவ்வரிசி காயப்போடுகிறவராக இருப்பார். அது எதுவும் கட்டுரைக்குள் வராது. படிக்கப்போவது ஆசிரியர் ஒருவர்தான், அவருக்கு எல்லாம் தெரியும் என்று பிள்ளை நினைக்கிறது. எல்லாம் தெரிந்தவருக்கு எதைப் புதிதாகச் சொல்வது?

வலைப்பூ, அதாவது பிளாக், மாற்றுவது இந்த ஒன்றைத்தான். நம் ஊரும் தெருவும் தெரியாத ஒருவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்ததும், பிள்ளை விளக்க ஆரம்பிக்கிறது. விளக்க ஆரம்பித்தால் கவனிக்க வேண்டியிருக்கிறது, கவனித்ததைச் சொல்லச் சொல் தேட வேண்டியிருக்கிறது. மொழிப்பாடம் அங்கேதான் நடக்கிறது. ஆகவே இதைக் கம்ப்யூட்டர் வகுப்பு வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இது தமிழ் ஆசிரியரின் வேலை. கணினி கொஞ்சம் தெரிந்தால் போதும்.

6 முதல் 9ஆம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பொதுத்தேர்வு வகுப்புகளில் நேரம் கிடைப்பது அரிது. தொடக்கப்பள்ளியிலும் செய்யலாம், ஆனால் அங்கே தட்டச்சு முழுவதும் ஆசிரியர் தலையில் விழும்.

படி 1: படிக்கப்போவது யார்?

பலர் இந்தப் படியைத் தாண்டி நேராகக் கணக்குத் திறக்கப் போய்விடுகிறார்கள். இரண்டு மாதத்தில் வலைப்பூ தூங்கிவிடும். 'உலகமே படிக்கும்' என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். உலகம் படிக்காது, பிள்ளைகளுக்கும் அது சீக்கிரம் தெரிந்துவிடும். பெயர் சொல்லக்கூடிய வாசகர் வேண்டும்.

நம் மாவட்டத்தில் அதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஊரில் ஒரு பள்ளி, மலையில் ஒரு பள்ளி என்று ஜோடி சேருங்கள். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே 30 கிலோமீட்டர் தூரம்தான், 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் சேலத்துக் குகைப் பகுதியிலோ அம்மாபேட்டையிலோ வளரும் பிள்ளைக்கு ஏற்காடு என்றால் படகு, லேடீஸ் சீட், மே மாத மலர்க் கண்காட்சி. மலைக் கிராமத்துப் பிள்ளைக்குச் சேலம் என்றால் புது பஸ் ஸ்டாண்டும் ஜவுளிக்கடையும் பெரிய ஆஸ்பத்திரியும். ஒருவர் வாழ்க்கை மற்றவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இருக்கும். இதைவிடப் பொருத்தமான வாசகர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் பக்கத்தில் உட்காருகிற ஆசிரியரிடம் பேசினாலே ஜோடி அமைந்துவிடும்.

அது அமையவில்லையென்றால் பழைய மாணவர்கள், வெளியூரில் வேலைக்குப் போயிருக்கும் அண்ணன் அக்காமார்கள், தாத்தா பாட்டிகள் என்று பத்துப் பேரையாவது முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வையுங்கள். வாரம் ஒரு பதிவு படித்து ஒரு வரி எழுதினால் போதும் என்று கேளுங்கள்.

படி 2: அனுமதி

தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் ஒரு முறை சொல்லிவிடுவது நல்லது. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் நீங்கள் தனியாக நிற்க வேண்டியதில்லை.

பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் வெளியிடாதீர்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாள, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் மரியாதை. கடிதம் இப்படி இருக்கலாம்:

"எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளை இணையத்தில் ஒரு வலைப்பூவில் வெளியிட இருக்கிறோம். உங்கள் பிள்ளையின் முழுப்பெயர், முகம் தெரியும் படம், வீட்டு முகவரி, போன் நம்பர் எதுவும் அதில் வராது. புனைபெயரில்தான் வரும். வெளியிட்ட பிறகு வேண்டாம் என்று நீங்களோ பிள்ளையோ எப்போது சொன்னாலும் எடுத்துவிடுவோம். சம்மதம் என்றால் கையெழுத்திடுங்கள். சம்மதம் இல்லையென்றாலும் பிள்ளையின் படிப்புக்கோ மதிப்பெண்ணுக்கோ ஒரு குறையும் வராது."

இதைப் பெற்றோர் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். பிள்ளை கையில் கொடுத்து அனுப்பினால் படிக்காமலே கையெழுத்தாகி வரும், அது சம்மதம் ஆகாது. கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மறுக்கிற பெற்றோருக்கு அதுதான் தைரியம் தருகிறது. மறுத்தவர் பிள்ளையும் எழுதும், மற்றவர் எழுத்தைத் திருத்தும், சுவரொட்டிப் பலகையில் அதன் கட்டுரையும் ஒட்டப்படும். இணையத்தில் மட்டும் வராது.

சம்மதம் வந்ததும் புனைபெயர் வைக்க ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். அன்று வகுப்பே கலகலப்பாக இருக்கும். மரம், பறவை, பூ, மழை என்று எதுவும் வைத்துக்கொள்ளலாம். தெருப்பெயர், அப்பா கடைப்பெயர் மட்டும் கூடாது. யார் எந்தப் பெயர் என்ற பட்டியல் உங்கள் நோட்டில் இருக்கட்டும், கணினியில் வேண்டாம்.

படி 3: கணக்கும் அமைப்பும்

கூகுளின் பிளாகர் போதும். இலவசம், தமிழ் நன்றாகத் தெரியும், சாதாரண போனிலும் திறக்கும். வேர்ட்பிரஸ் இன்னும் அழகாக இருக்கும், ஆனால் பராமரிப்பு கூடுதல்.

உங்கள் சொந்த ஜிமெயிலில் திறக்காதீர்கள். வகுப்புக்கென்று புதிதாக ஒரு கணக்கு தொடங்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையும் கேட்கும் வசதி) போட்டுவிடுங்கள். இன்னொரு ஆசிரியரையும் நிர்வாகியாகச் சேருங்கள். நமக்கு மாறுதல் வந்தால் வலைப்பூ அநாதையாகக் கூடாது. பிள்ளைகள் பெயரில் கணக்கு எதுவும் வேண்டாம். எல்லாப் பதிவும் வகுப்புக் கணக்கிலிருந்தே போகட்டும், அடியில் புனைபெயர் வந்தால் போதும்.

வலைப்பூ முகவரியில் பள்ளிப் பெயரோ வகுப்புப் பிரிவோ வர வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளிப் பெயரும், வகுப்பும், தெருவைப் பற்றிய கட்டுரையும் சேர்ந்தால் புனைபெயருக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். 'மாங்கொட்டை', 'மலையேற்றம்', 'தட்டுவடை' என்று பிள்ளைகளே நல்ல பெயர் சொல்வார்கள், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும்.

அப்புறம் அமைப்புகள் பக்கத்துக்குப் போய் வரிசையாக இவற்றைப் பாருங்கள்:

- மொழி தமிழ், நேர மண்டலம் இந்தியா. இதை மாற்றினால்தான் தேதியும் மாதமும் தமிழில் வரும், பதிவு நேரமும் சரியாக இருக்கும்.
- தேடுபொறிகளுக்குக் காட்டும் வசதியை முதல் பருவம் முழுக்க அணைத்து வையுங்கள். ஆனால் இதைப் பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள், முகவரி தெரிந்தவர் யாரும் படிக்கலாம். அழைத்தவர் மட்டும் படிக்க வேண்டுமென்றால், வாசகர் அணுகல் என்ற இடத்தில் அவர்கள் மின்னஞ்சலைச் சேர்க்க வேண்டும். ஜோடிப் பள்ளிக்கு அதன் வகுப்புக் கணக்கு ஒன்றைச் சேர்த்தால் போதும்.
- பின்னூட்டம், அதாவது படிப்பவர் பதிவுக்குக் கீழே எழுதும் கருத்து, எப்போதும் உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே வெளிவரும்படி வையுங்கள். இதில் விதிவிலக்கே கிடையாது.
- பெயர் மட்டும் போட்டுப் பின்னூட்டம் இட அனுமதியுங்கள். கணக்கு இல்லாத பிள்ளைகள் புனைபெயரில் எழுத அதுதான் வழி.
- விளம்பரம் வேண்டாம்.

வார்ப்புரு, அதாவது பக்கத்தின் தோற்றம், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக, எளிமையாக இருக்கட்டும். ஓடும் எழுத்து, மினுக்கும் நட்சத்திரம் எல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள். அதில் செலவாகும் நேரம் எழுத்திலிருந்துதான் போகிறது.

படி 4: தட்டச்சு

ஹைடெக் லேப் (கணினி ஆய்வகம்) இருக்கும் பள்ளியில் தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக்கொடுங்கள். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிரெழுத்து இடப்பக்கம், மெய்யெழுத்து வலப்பக்கம் என்று இருப்பதால் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ஆங்கிலத்தில் தட்டித் தமிழாக்கும் முறை முதல் நாள் சுலபமாகத் தெரியும். ஆனால் 'ல, ள, ழ'வை ஆங்கில எழுத்தில் யோசிக்கும் பழக்கம் வந்துவிட்டால் எழுத்துப்பிழை போகவே போகாது.

லேப் கிடைக்காத பள்ளியில் ஆசிரியரின் போன் போதும். நோட்டில் எழுதியதைப் பிள்ளை வாய்விட்டுப் படிக்க, குரல் தட்டச்சு அதை எழுத்தாக்கும். பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து நோட்டையும் திரையையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். இந்த ஒப்பிடும் வேலையே நல்ல பிழைதிருத்தப் பயிற்சி.

மலைப் பள்ளிகளில் நெட் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். மழைக்காலத்தில் கரண்ட்டும் போகும், சிக்னலும் போகும். நோட்பேடில் தட்டிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு, கிடைக்கிற இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை வலைப்பூவில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதை எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றிக்கொண்டுதான் ஏற்ற வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. புதிதாகத் தட்டுவதை எல்லாம் தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் தட்டுங்கள்.

படி 5: எழுத வைப்பது

மற்ற படிகள் எல்லாம் இதற்காகத்தான். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இங்கே போகட்டும்.

கணினி பக்கமே போகாமல் நோட்டில் தொடங்குங்கள். தலைப்பாகக் கொடுக்காமல் கேள்வியாகக் கொடுங்கள். 'ஜவ்வரிசி' என்று தலைப்பு கொடுத்தால் நோட்ஸில் இருப்பது வரும். 'குச்சிக்கிழங்கு லாரி ஆலைக்கு வந்ததிலிருந்து ஜவ்வரிசி மூட்டையாக வெளியே போகும் வரை என்னென்ன சத்தம் கேட்கும்?' என்று கேட்டால் அந்த ஊர்ப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

நம் மாவட்டத்தில் இப்படிக் கேட்கப் பஞ்சமே இல்லை. இளம்பிள்ளையில் தறிச் சத்தம் நின்றால் தெரு எப்படி இருக்கும்? ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வீட்டில் என்ன மாறும்? தட்டுவடை செட்டில் எதை முதலில் வைக்க வேண்டும், ஏன்? மேட்டூரில் தண்ணீர் திறந்தால் முதலில் யாருக்குத் தெரியும்? தம்மம்பட்டி மரச்சிற்பிக்கு எந்த மரம் பிடிக்கும்? மலையில் காபி பூக்கும் நாளில் தோட்டம் என்ன வாசனை அடிக்கும்? சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எந்த ஊர்க்காரர் எந்த வேலை செய்வார்? தினம் நடப்பவை என்பதால் இவையெல்லாம் எழுதத் தகுந்தவை என்றே பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்காது.

முதல் வரைவு எப்படியும் கட்டுரை நோட்டு நடையில்தான் வரும். வெள்ளிப் பட்டறை வீட்டுப் பிள்ளை ஒன்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

"எங்கள் அப்பா கொலுசு செய்கிறார். சேலம் கொலுசு உலகப் புகழ் பெற்றது. எல்லோரும் இதை விரும்பி வாங்குகிறார்கள்."

இதில் சிவப்பு மை வைக்க ஒன்றும் இல்லை, பிழையே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

"அப்பா வேலை செய்யும்போது நீ எங்கே இருப்பே?"

"அதே ரூம்லதாங்க சார். ஃபேன் போடக் கூடாதுங்க."

"ஏன்?"

"நெருப்பு ஆடுமுங்க. பத்த வைக்கிற பொடியும் பறந்துரும்."

"இதை ஏன் எழுதலை?"

"இதெல்லாம் எழுதலாமாங்க சார்?"

இந்தக் கேள்வி வந்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. இரண்டாவது வரைவு இப்படி மாறும்:

"எங்கள் வீட்டில் மே மாதத்திலும் ஃபேன் ஓடாது. அப்பா கொலுசுக் கண்ணிகளைப் பற்ற வைக்கும்போது காற்று அடித்தால் நெருப்பு ஆடும். பொடி பறந்துவிடும். நானும் தங்கச்சியும் வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவோம். ஃபேன் சத்தம் கேட்டால் அப்பா வேலையை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். தங்கச்சி உள்ளே ஓடுவாள்."

எடுத்த எடுப்பிலேயே வகுப்பு முழுக்க இப்படி உட்கார்ந்து பேச முடியாது. வாரம் நான்கைந்து பேரிடம் பேசுங்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் வரைவை ஒருவர் படித்து, மூன்று கேள்விகள் மட்டும் எழுதிக் கொடுக்கட்டும். 'எங்கே?', 'அப்புறம் என்ன ஆச்சு?', 'அது எப்படி இருக்கும்?' என்பது போன்ற கேள்விகள் போதும். கருத்துச் சொல்ல வேண்டாம், கேள்வி மட்டும்தான். எழுதியவர் பதிலை வரைவுக்குள் சேர்த்து மறுபடி எழுதுவார்.

தகவல் எழுதினால் சரிபார்க்கவும் பழக்குங்கள். ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்று ஒரு பிள்ளை எழுதினால், 'இதை எங்கே படித்தாய்?' என்று கேளுங்கள். புத்தகம், பலகை, பெரியவர் என்று எதுவானாலும் பதிவிலேயே சொல்லட்டும். தாத்தா சொன்னது என்றால் 'தாத்தா சொன்னார்' என்று எழுதுவதுதான் நேர்மை.

சாட்ஜிபிடியில் கேட்டு எழுதி வரும் பிள்ளைகளும் இருப்பார்கள். திட்டினால் ஒளித்துச் செய்வார்கள். கேள்வியைத் தெருவுக்குள், வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். தங்கச்சி எப்போது உள்ளே ஓடுவாள் என்று அதற்குத் தெரியாது.

படி 6: திருத்துவது

இரண்டு வகைத் திருத்தத்தைக் கலக்காதீர்கள். விஷயத்தைத் திருத்தி முடித்த பிறகுதான் எழுத்துப்பிழை. முதல் வரைவிலேயே ஒற்றுப்பிழையைச் சுழித்தால் பிள்ளை பயந்து இருக்கிற மூன்று வரியையும் இரண்டாக்கிவிடும்.

பிழையிலும் வாரம் ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரு வாரம் 'ர, ற', அடுத்த வாரம் 'ன, ண', பிறகு வல்லினம் மிகும் இடம். அந்த வாரம் வகுப்பே அந்த ஒரு பிழையைத் தேடும். மீதிப் பிழைகளை வெளியிடும் முன் நீங்களே சரிசெய்துவிடலாம். பொதுவில் போகும் எழுத்தில் பிழை நின்றால் யாராவது கிண்டல் செய்வார்கள், அது பிள்ளையின் மேல் விழக்கூடாது.

ஆனால் பிள்ளையின் நடையை உங்கள் நடையாக மாற்றிவிடாதீர்கள். பேச்சு வரும் இடத்தில் 'ஆமாங்க', 'வாங்க கண்ணு' எல்லாம் அப்படியே இருக்கட்டும். மலைக் கிராமத்துப் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சொற்களை எழுதினால் அதையும் வைத்து, பொருளை அடுத்த வரியில் அவர்களையே சொல்ல வையுங்கள். ஆசிரியர் கை அதிகம் பட்ட பதிவு படித்தவுடன் தெரிந்துவிடும். எழுதிய பிள்ளைக்கும் அது தன்னுடையதாகத் தெரியாது.

படி 7: படம்

முகம் வேண்டாம். கை, கருவி, பொருள், இடம் போதும். பற்ற வைக்கிற ஊதுகுழல் பிடித்த கையின் படம், சிரிக்கிற முகத்தைவிட அதிகம் சொல்லும். வீட்டு வாசல், கடைப் பலகை, வண்டி நம்பர், சீருடை முத்திரை படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். போன் கேமராவில் இடத்தைப் பதியும் வசதியை அணைத்துவிட்டு எடுங்கள்.

கூகுளில் தேடிக் கிடைத்த படத்தை எடுத்துப் போடக் கூடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பள்ளி வலைப்பூவுக்கும் பொருந்தும். விக்கிமீடியா காமன்ஸில் பொது உரிமத்தில் கிடைக்கும் படங்களை, எடுத்தவர் பெயரும் உரிமமும் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். எனக்குப் பிடித்தது பிள்ளைகளே வரைந்த படம். வெளிச்சம் பார்த்துப் போனில் படமெடுத்துப் போட்டால் போதும்.

அதே சட்டப்படி பிள்ளை எழுதியதும் வரைந்ததும் பிள்ளைக்கே சொந்தம். இதை வகுப்பில் சொல்லுங்கள். எழுத்தின் மேல் பிள்ளைக்கு ஒரு பொறுப்பு வரும்.

படி 8: வெளியிடும் நாள்

வாரம் ஒரு நாள், ஒரே நேரம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை நன்றாக இருக்கும், வீட்டுக்குப் போய்ச் சொல்லச் சேதி கிடைக்கும். ஒரு வாரத்துக்கு இரண்டு மூன்று பதிவுகள் தாராளம். எல்லோருடையதையும் ஒரே நாளில் கொட்டினால் யாருடையதும் படிக்கப்படாது. தயாரானதை வரைவாக வைத்து நேரம் குறித்துவிட்டால் விடுமுறையிலும் பதிவு தானாக வரும்.

பிள்ளைகளையே பதிப்பாசிரியர் குழுவாக வைத்து, குழுவை மாதம் ஒரு முறை மாற்றுங்கள். ஒருவர் தலைப்பு பார்ப்பார், ஒருவர் பிழை, ஒருவர் படம், ஒருவர் குறிச்சொல். பதிவுகளை வகைப்படுத்தும் குறிச்சொல்லைச் 'சாப்பாடு', 'தொழில்', 'மலை', 'திருவிழா' என்று ஆறேழுக்குள் வைத்துக்கொண்டால் பிறகு தேட வசதி. தலைப்புக்கு மட்டும் கொஞ்சம் போராடுங்கள். 'வெள்ளித் தொழில்' என்பதையும் 'எங்கள் வீட்டில் ஃபேன் ஓடாது' என்பதையும் கரும்பலகையில் எழுதி எதைத் திறப்பீர்கள் என்று கேளுங்கள்.

படி 9: பின்னூட்டம்

எழுதுவதைக் கற்றுத்தருகிறோம், படித்துவிட்டுப் பேசுவதைக் கற்றுத்தருவதே இல்லை. அதனால்தான் எல்லா இடத்திலும் 'சூப்பர்', 'அருமை' என்றே வந்து விழுகிறது. வலைப்பூ திறப்பதற்கு முன்பே இதைக் காகிதத்தில் பழக்குங்கள். நான்கு கட்டுரைகளைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் வெள்ளைத்தாள் வையுங்கள். ஒவ்வொருவரும் எழுந்து போய் மூன்று வரி எழுத வேண்டும். பிடித்த வரியை அப்படியே எடுத்தெழுத வேண்டும், அது எதை நினைவுபடுத்தியது என்று சொல்ல வேண்டும், உண்மையாகவே தெரியாத ஒன்றைக் கேட்க வேண்டும்.

மூன்றாவதுதான் உயிர். காபிக் களம் பற்றி மலைப் பிள்ளை எழுதிய பதிவுக்கு, ஊர்ப் பிள்ளை 'பழத்தைத் தின்றால் காபி மாதிரிக் கசக்குமா?' என்று கேட்கிறது. 'கசக்காது. தோலுக்குள்ளே லேசாக இனிக்கும். கொட்டை வழவழவென்று இருக்கும், துப்பிவிடுவோம்' என்று பதில் வருகிறது. 'அப்போ கசப்பு எப்போது வருகிறது?' என்று அடுத்த கேள்வி. பதிலுக்கு அந்தப் பிள்ளை பழம் பறிப்பதிலிருந்து தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவி, காயவைத்து, வறுப்பது வரை வீட்டில் கேட்டு வர வேண்டியதாகிறது. அடுத்த பதிவு தயார். நீங்கள் தலைப்பே கொடுக்க வேண்டாம்.

விதிகள் நான்கைந்து போதும், பிள்ளைகளோடு சேர்ந்து எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுத்தைப் பற்றித்தான் பேசலாம், ஆளைப் பற்றிக் கூடாது. சாதி, நிறம், அப்பா அம்மா தொழில் பற்றிய கேலி எந்த வடிவத்தில் வந்தாலும் வெளியாகாது. நம்பர் கேட்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஊரும் மலையும் ஜோடி சேரும்போது இதில் கூடுதல் கவனம் வேண்டும். மலைப் பிள்ளைகளைப் 'பாவம்' என்று பேசும் பின்னூட்டமும் காயப்படுத்தும். அதை வெளியிடாமல் நிறுத்திவைத்து, அந்தப் பின்னூட்டத்தை எழுதிய பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள்.

வெளியாள் யாராவது தவறாக எழுதினால் வெளியிடாதீர்கள், பதிலும் சொல்லாதீர்கள். திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் காட்டுங்கள். பிள்ளையைத் தொடர்புகொள்ள முயல்வது போலத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

படி 10: போன் இல்லாத வீடுகள்

ஒவ்வொரு பதிவையும் ஒரு பக்கம் அச்செடுத்துப் பள்ளி வாசல் பலகையில் ஒட்டுங்கள். காலை வணக்கக் கூட்டத்தில் வாரம் ஒன்றை எழுதியவரே படிக்கட்டும், மனம் இல்லாதவருக்காக நண்பர் படிக்கலாம். வீட்டுத் தொழிலைப் பற்றிப் பிள்ளை எழுதிய பக்கத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பிள்ளை படித்துக் காட்டினால், 'அப்படி இல்லைடா' என்று பாட்டி ஒரு திருத்தம் சொல்வார். அதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளலாம்.

மதிப்பெண்

பதிவுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்ட நாளிலிருந்து பிள்ளை மறுபடி உங்களுக்காக எழுத ஆரம்பிக்கும். வளரறி மதிப்பீட்டுக்கு (பருவம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) ஏதாவது காட்ட வேண்டுமென்றால் நோட்டில் இருக்கும் வரைவுகளைக் காட்டுங்கள். முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைப் பிள்ளையே இரண்டு வரியில் எழுதினால், அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. அதனால் பழைய வரைவுகளைக் கிழிக்க விடாதீர்கள்.

ஆண்டு முடிவில்

வலைப்பூவை நிர்வகிக்கும் பகுதியில் எல்லாப் பதிவுகளையும் காப்புப் பிரதியாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. படங்கள் அதில் வராது, அவற்றைத் தனியாக ஒரு பென் டிரைவில் வையுங்கள். 2023இல் அறிவித்த விதிப்படி, இரண்டு ஆண்டுகள் யாரும் உள்ளே போகாத கணக்கைக் கூகுள் நீக்கலாம். ஆகவே அடுத்த ஆசிரியரிடம் கடவுச்சொல்லை ஒப்படைக்கும்போது இதையும் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எந்தப் பதிவு இருக்கலாம், எதை எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆறாம் வகுப்பில் ஆசையாக எழுதியது எட்டாம் வகுப்பில் கூச்சமாகத் தெரியலாம். காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். மீதியை அச்செடுத்து, பள்ளி நூலகத்துக்கு ஒரு பிரதி, எழுதியவருக்கு அவரவர் பக்கங்கள். புனைபெயர்ப் பட்டியலைத் தலைமை ஆசிரியரிடம் உறையில் போட்டுக் கொடுத்துவிடலாம். ஜூன் மாதம் புது வகுப்பு வந்ததும் பழைய பதிவுகளில் நான்கைந்தைப் படிக்கக் கொடுத்து, எழுதிய அண்ணன் அக்காமார்களுக்குக் கேள்வி எழுதச் சொல்லுங்கள். அவர்கள் பெரும்பாலும் அதே பள்ளியில்தான் இருப்பார்கள், பதிலும் அதே வாரம் வந்துவிடும்.